நான்காவது முகம்

புக்கிட் செலாசே மன்றக் கூட்டத்தில்
முதல் அரைமணி
மணிக்கூண்டு எத்தனை அடி என்பதிலேயே போயிற்று.

ஐம்பது என்றார் தலைவர்.
ஐம்பதென்றால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் தோளை இடிக்கும்,
நாற்பத்தைந்தாக்குங்கள் என்றார் புவான் ரொஹானிசா.
இங் சியூ ஹோக்குக்கு உயரம் பொருட்டில்லை.
ஒரு முகம் தன் டயர்க்கடையைப் பார்த்தால்
பத்தாயிரம் வெள்ளி தருவதாகச் சொல்லிவிட்டுக்
கோப்பியை ஊதிக்கொண்டிருந்தார்.

நான் படம் வரைகிறவள்.
என் நாற்காலி கதவோரம்.
அளவு கேட்பார்கள், சொல்வேன்.

குணாளன் எழுந்தார்.
எண்பத்திரண்டு பிறந்த இரவில்
நாட்டுக் கடிகாரங்களெல்லாம் அரைமணி முன்னே தாவினவே,
அந்தத் தாவலின் பள்ளத்தில் பிறந்தவர்.
பதினொன்றே முக்கால் என்கிறாள் பெற்றவள்.
அப்படியொரு நேரமே அன்றைக்கு இல்லை என்கிறது சட்டம்.
மூன்று ஜோசியர், மூன்று ஜாதகம்;
மூன்றிலும் கல்யாணம் தள்ளித்தான் போயிற்று.
"மணிக்கூண்டு வேணும்ங்க," என்றார்.
"ஆனா சரியா ஓடணும்."
உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பணம்.
நான்கு முகத்துக்குப் பற்றாது, மூன்று போதும்.
கிழக்கே பேங்க், வடக்கே பஸ் நிலையம்,
தெற்கே, சரி, டயர்க்கடை.
மேற்கே செம்பனைதானே,
மரத்துக்கு எதற்கு மணி?
சிரித்தார்கள். நானும்தான்.
சிரித்த வாயோடு மேற்கு வட்டத்தை அழித்தேன்.
மடியெல்லாம் ரப்பர்த் தூள்.
இந்த ஊரில் ரப்பர் என்று
மிஞ்சியிருப்பது அவ்வளவுதான்.

மறுநாள் விடியுமுன் அளவுநாடாவோடு
திடலுக்குப் போனேன்.
பழைய பிரட்டுக்களம் அது.
ஒரு காலத்தில் இங்கே தண்டவாளத் துண்டொன்று தொங்கியதாம்;
அதை அடிக்கிறவன் கையில்தான்
ஐந்தரை இருந்ததாம்.

ஐந்தேகால்.
ரொட்டிச்சானாய்க் கல் இன்னும் சூடேறவில்லை.
மேற்கிலிருந்து, நான் அழித்த வட்டத்துக்கு நேரெதிரே,
நெற்றிவிளக்குகள் வந்தன.
தோளில் அரிவாள் கட்டிய நெடுங்கழிகள்,
இடுப்பில் தேநீர்ப் போத்தல்கள்.
லாரிக்கு நின்றார்கள்.

ஒருவனிடம் மலாயில் மணி கேட்டேன்.
கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான்: மூன்று.
கெட்டுப்போச்சா?
இல்லை அக்கா, இது வீட்டு நேரம்.
நேப்பாளத்தில் மகள் தூங்குகிறாள்.
மாற்றிவைத்தால்
அவள் எப்போது எழுவாள் என்பது கைவிட்டுப் போய்விடும்.

அப்படியானால் இங்கத்து நேரம்?
தாடையை நீட்டினான்.
சாலைக்கு அப்பால் பெட்ரோல் நிலையப் பலகை,
சிவப்பு எண்கள்,
ஏழு நிமிடம் பின்னால்.

"மண்டோர் மணி மட்டும் சரியா இருக்கும்," என்றான்.
"ஏழு நிமிஷம் பிந்தினா அரைநாள் சம்பளம்."
பெயர் கேசர் தாமாங்.
லாரி வந்துவிட்டது.

அலுவலகத்தில் கணக்கைப் பிரித்தேன்.
மணியோசைக் கருவி, பதினெட்டாயிரம்.
ஓசை யாருக்கு?
பாங்கு இருக்கிறது, மாரியம்மன் கோயில் மணி இருக்கிறது,
பள்ளிக்கூடத்து மணி மூன்று தரம் அலறுகிறது.
ஆலையில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள்
பகலில்தான் கண்ணை மூடுகிறார்கள்.
ஓசையின்மேல் ஒரு கோடு இழுத்தேன்.
மேற்கே காம்பஸ் முள்ளை
அழித்த துளையிலேயே திரும்பக் குத்தினேன்.

வரைபடக் கடிகாரங்களுக்கு எப்போதும் பத்து பத்து.
அது முட்கள் சிரிக்கும் நேரம்.
மூன்று முகங்களை அப்படியே விட்டேன்.
மேற்கு முகத்தில் ஐந்து இருபது.
ஓடி வந்தால் லாரியைப் பிடித்துவிடலாம்.

வியாழக்கிழமை மறு கூட்டம்.
அதற்குள் யார் சொன்னார்களோ,
குணாளன் அழைத்தார்.
"எத்தனை முகம்?"
நாலு.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"நாலும் ஒரே நேரத்தைக் காட்டுமா?"

காட்டணும், என்றேன்.