முன்பே இருந்த கீறல்

மூன்றாம் நம்பர் ரூமின் கைகழுவும் தொட்டி
ஞாயிறு காலை இரண்டாகப் போனது.

மட்டக்களப்பு டீச்சர்,
பதிவேட்டில் நிரோஜினி என்று எழுதியவர்,
தலை ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்தார்.
சென்ட் போத்தல் கை நழுவிவிட்டதாம்.
இவ்வளவு சின்னதுதான் அக்கா, இவ்வளவு
என்று கட்டைவிரலைக் காட்டினார்.
ரூம் முழுக்கக் கலியாண வீட்டு வாசம்,
நடுவில் நாங்கள் இரண்டு பேரும்
துக்க வீட்டில் நிற்பது போல.

பயப்படாதீங்க, காப்புறுதி இருக்கு என்றேன்.
ஓர் இரவுக்கு இருநூற்றைம்பது ரூபா
பில்லிலேயே பிடித்திருக்கிறார்கள்.
தற்செயற் சேதம், ஒரு லட்சம் வரை.
அவர் முகம் தெளிந்தது.
பதுளை பஸ் ஏறுமுன்
என் கையில் ஐநூறு திணித்தார்.
வாங்கிக்கொண்டேன்.

டீச்சருக்குத் தெரியாதது
சவர்க்காரத் தட்டுக்குத் தெரியும்.

மூன்று வருசத்துக்கு முன், பங்குனியில்
குழாய் ஒழுகியது.
பண்டாரவளையில் இருந்து வந்து பார்க்கவே
பிளம்பர் ஆயிரத்தைந்நூறு கேட்டான்.
நானே ஸ்பேனரை எடுத்தேன்.
டொக் என்று ஒரு சத்தம்.
விளிம்பில் இருந்து உள்ளே
நாலு விரல் நீளத்துக்கு
மயிர் மாதிரி ஒரு கோடு.
மகளுடைய வெள்ளை நெயில் பொலிஷை இரண்டு தரம் பூசி
மேலே தட்டை வைத்தேன்.
அன்றிலிருந்து ரூம் கூட்டும் ஒவ்வொரு நாளும்
ஒரு நூல் விலகாமல் அதே இடத்தில் வைத்தேன்.
மடுவத்தில் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்த
கணக்கப்பிள்ளையை
வாய் கூசாமல் திட்டியவள்.

பின்னேரம் போனில் படிவம் திறந்தது.
பொருள்? தொட்டி.
வயது? தெரியாது.
வீட்டுக்கார சில்வெஸ்டர் ஐயா
இந்நேரம் மெல்பர்னில் தூங்குவார்.
உடைந்த பாகங்களின் படம், நல்ல வெளிச்சத்தில்.

ஹப்புத்தளையில் நாலு மணிக்கு
நல்ல வெளிச்சத்துக்கு எங்கே போக?
பின்பக்கச் சிமெந்துத் தரையில்
இரண்டு துண்டையும் கிடத்தினேன்.
இன்றைக்கு உடைந்த ஓரம்
துருவாத தேங்காய் வெள்ளை.
அந்த நாலு விரல் மட்டும்
கழுவாத தேத்தண்ணிக் கோப்பையின் அடி.
பழைய பல் பிரஷ், புளி, சாம்பல்,
அரை மணித்தியாலம்.
பொலிஷ் உரிந்து வந்தது.
பழுப்பு அப்படியே இருந்தது.

கீழே இன்னொரு கேள்வி.
இச்சேதத்தின் எப்பகுதியாவது முன்பே இருந்ததா?
இல்லை என்று தொட்டால்
படிவம் அதோடு முடிகிறது.
ஆம் என்று தொட்டால்
இன்னொரு பெட்டி திறக்கிறது. யாரால்?
விருந்தினர்
முந்திய விருந்தினர்
பிராணிகள்
இயற்கை அனர்த்தம்.

பிராணிகளில் கொஞ்ச நேரம் நின்றேன்.
தகரத்தின் மேல் ஒரு குரங்கு
வாலைத் தொங்கப்போட்டு என்னையே பார்த்தது.
போன மாதம் தொலைந்த ஆறு கரண்டிக்கும்
அதைத்தான் சாட்டியிருந்தேன்.

அடியில், மற்றவை.
பக்கத்தில் இருபது எழுத்துக்கு இடம்.
லோகாம்பிகை என்று அடித்தேன்.
புள்ளி, கொம்பு எல்லாவற்றையும் போன் தனியாக எண்ணுகிறது.
பாதி இடத்தை என் பெயரே தின்றுவிட்டது.
ஓர் இடைவெளி, பிறகு ஸ்பேனர்.
மிச்சம் இரண்டு.
பங்குனி கொள்ளாது.
தெரியாமல் நடந்தது என்பதும் கொள்ளாது.

தண்ணீர்த் தாங்கியடியில்தான் சிக்னல் வரும்.
மேலே ஏறுவதற்குள் மிஸ்ட் இறங்கிவிட்டது,
கையில் இருந்த போனின் வெளிச்சம் மட்டும்
எனக்கு முன்னால் போனது.
முதலில் வந்தது டீச்சரின் செய்தி.
அக்கா, காசு தருவாங்களா?
இல்லாட்டி நான் அனுப்புறேன்,
நித்திரை வராது எனக்கு.

அதற்கு ஒன்றும் எழுதவில்லை.
படிவம் சுற்றிச் சுற்றி
மூன்றாம் தரம் போனது.

இறங்கி வந்து ரூமைக் கூட்டினேன்.
சவர்க்காரத் தட்டைக் கழுவித் துடைத்தேன்.
சுவரில் இரண்டு ஆணியும் ஒரு குழாயும்தான் இருந்தன.
எங்கே வைப்பது என்று தெரியாமல்
கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.