ஊசி நடுவில்

பாயான் லெப்பாஸ் ஓடுதளத்தின் வடகோடியில்
சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு வரிசைக் கம்பிகள்.
வேலி என்று நினைத்துப்
புல்வெட்டும் ஷோஹேல் ஒருநாள்
அதில் சட்டையைக் காயப்போட்டிருந்தான்.

கடல்மேல் வரும் விமானத்துக்கு
இடப்புறம் ஒரு ரீங்காரம், நொடிக்குத் தொண்ணூறு துடிப்பு.
வலப்புறம் இன்னொன்று, நூற்றைம்பது.
இரண்டும் சமமாய்க் கேட்கும் இடத்தில்
பாதை இருக்கிறது.
பாதை என்று தனியாய் எதுவும் இல்லை,
கழித்தால் மீதி வராத இடம், அவ்வளவுதான்.

"ஒன்றுமில்லாததைக் காக்கவா ராத்திரி ஷிப்ட்?"
என்றார் வீட்டுக்காரர்,
சியாக்காப் மீனின் செதிலை வழித்தபடி.

நவம்பர். மதியம் மூன்று.
மழை ஜெரெஜாக் தீவை முதலில் அழித்தது,
பிறகு பாலத்தை, பிறகு என் ஜன்னலை.
கடல் முனையில், சரிவுக் கதிர் அனுப்பும் கம்பத்தின் முன்
டிராக்டரைப் போட்டுவிட்டு
மழைக்கு ஒதுங்க ஓடியிருந்தான் ஷோஹேல்.
இரும்பு. நனைந்த இரும்பு.
கதிர் அதில் பட்டுத் தெறித்து
மூன்று பாகைச் சரிவில்
ஒரு முழங்கை மடங்கியது.

அதைக் கண்டது ஓர் ஊசி மட்டும்.
மேகத்துக்குள், ஆயிரத்து நானூறு அடியில்
அது ஒருமுறை தலையாட்டியது.
மறுபடியும்.
"சுற்றி வருகிறேன்" என்றாள் விமானி,
பஸ்ஸைத் தவறவிட்டவள்
அடுத்ததற்கு நிற்கும் குரலில்.
என்ஜின் சத்தம் கூரைக்கு மேலே ஏறிப் போனது.

கோபுரத்தில் கைருல் அனுமதி சொல்ல
ஜீப்பை விரட்டினேன்.
எதிரே ஓடிவந்தான் அவன்,
ஒரு கால் செருப்பு எங்கோ சேற்றில்.
திட்ட வாயெடுத்தேன்.
சாவியை நீட்டிய அவன் கை
இடமும் வலமுமாய் ஆடியது.
நடுவில் நிற்க அதற்கு ஏதும் இல்லை.
வந்த வார்த்தையை மென்று விழுங்கி
"ஏறு, சீக்கிரம்" என்றேன்.

பதினேழு நிமிடம்.
இந்த முறை மேகத்தைப் பிளந்து விளக்குகள் வந்தன,
யாரும் போடாத கோட்டின்மேல்
இம்மி பிசகாமல்.
சக்கரம் தொட்டதும் தண்ணீர் எழுந்தது.
உள்ளே நூற்று இருபது பேர்
பெட்டியைத் தேடி எழுந்திருப்பார்கள்.
யாரோ கடிகாரத்தைப் பார்த்து
உச்சுக்கொட்டியிருப்பார்.

பதிவேட்டில் எழுதினேன்:
டிராக்டர், 15:04. அகற்றப்பட்டது, 15:12.
விலகல், இல்லை.
ஓட்டியவர் பெயர் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சநேரம் நின்றது.
அந்தக் கட்டம் இன்னும் காலிதான்.

இப்போது அவன் சட்டை
வேலியில்தான் காய்கிறது,
நிஜமான வேலியில்.