இடக்கைக்கு மெய்

யோங்சான் மின்சாதன அங்காடி, மூன்றாவது மாடி.
பாதிக் கடைகள் கதவிறக்கிக் கிடக்கின்றன.
திறந்திருந்த ஒன்றில்
சூயிங்கம் மென்றபடி ஒருவன்
ஒன்பது விசைகள் பதித்த சின்னப் பலகையை
என் பக்கம் தள்ளினான்.
அழுத்திப் பாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கியது.
பழுப்பில் பாதி வழியில் ஒரு தயக்கம்,
பொய் சொல்லப்போகிறவர் தொண்டையைச் செருமுவதுபோல.
நீலம், டிக்.
நீலம், டிக் டிக் டிக்.
நீலமே போதும் என்றேன்.
"புதுசா வர்ற எல்லாரும் நீலந்தான் கேப்பாங்க.
பக்கத்து அறையில ஆள் உண்டா?"

உண்டு.
நான்கு வருடமாய் அவர் இருமலைத் தெரியும்,
முகத்தைத் தெரியாது.

சிவப்பு வாங்கினேன். அறுபத்தேழு.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து
ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன்:
மேல்மூடி, தண்டு, சுருள்வில், அடிக்கூடு.
கிரீஸைக் கொஞ்சமாய்த் தடவ வேண்டுமாம்.
எவ்வளவு கொஞ்சம் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.
முதல் பன்னிரண்டும்
சேற்றில் கால் வைத்ததுபோல் ஆயின.
துடைத்துவிட்டு மறுபடி.
ஒரு சுருள்வில் துள்ளிக் குளிர்பெட்டிக்கு அடியில் ஓடியது.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.
விடிகாலை மூன்றேகாலுக்கு நாற்பது முடிந்திருந்தது.
ராம்யோன் ஊறிப் பருத்து ஆறிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோத்தேன்.
எங்கள் விசைப்பலகையில்
மெய்யெல்லாம் இடக்கைக்கு,
உயிரெல்லாம் வலக்கைக்கு.
இரண்டு கையும் கூடினால்தான் எழுத்து.
பள்ளியில் படித்தது, ஒருநாளும் யோசித்ததில்லை.
வலது நடுவிரலுக்கான ஆ
வரவில்லை.
எங்கள் மொழியில் நா என்றால் நான்.
நா என்று அடித்தேன்.
திரையில் நின்றது
ந்
ந்
ந்
பிடுங்கிப் பார்த்தால்
செம்புக் கால் ஒன்று மடங்கிக் கிடக்கிறது,
சம்மணம் போட்டதுபோல.
இடுக்கியால் நிமிர்த்திச் செருகினேன்.
நா.
யாருமில்லாத அறையில் கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை துண்டில் சுற்றி
அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன்.
காப்பீட்டு நிறுவனம், ஏழாவது தளம், மறுப்புக் கடிதப் பிரிவு.
தாங்கள் கோரிய தொகையை வழங்க இயலாமைக்கு
வருந்துகிறோம்.
நாளைக்கு நாற்பது முறை.
பழைய பலகையில் அது சருகு மிதிக்கும் சத்தம்.
இதில்
ஈரக் கூழாங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாய்
யாரோ பொறுமையாக அடுக்குகிறார்கள்.
வருந்துகிறோம்
இவ்வளவு அழகாய் ஒலிக்கக்கூடாது.
பக்கத்து மேசை குக் சோ-ரி எட்டிப் பார்த்தாள்.
"இன்னொரு தடவை அடி, கேட்கணும்."
முதுகெலும்பில் இரண்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட
லாரி ஓட்டுநர் ஒருவருக்கு
இன்னொரு தடவை அடித்தேன்.

மாலையில் துண்டில் சுற்றித் திரும்ப எடுத்துவந்துவிட்டேன்.

வீட்டில் எழுத எனக்கு ஒன்றுமில்லை.
நாட்குறிப்புப் பழக்கம் கிடையாது.
கடிதம் போடக்கூடிய ஆள்
பூசானில் முகவரி மாற்றிக்கொண்டுவிட்டான்.
இருந்தும் பத்து மணிக்கு உட்கார்ந்துவிடுகிறேன்.
முள்ளங்கி, முட்டை, துணிசோப்பு என்று அடிக்கிறேன்.
பூப்யோங்கிலிருந்து வேலைக்குப் போகும் வழியில்
வரும் நிறுத்தங்களை அடிக்கிறேன், ஒன்றுவிடாமல்.
விசைமூடிகளுக்கும் பணம் கட்டியாயிற்று.
சாம்பல்பச்சை. வந்துசேர எட்டு மாதம்.
எட்டு மாதம் கழித்து இந்த அறையில் யார் இருப்பாளோ
அவளுக்குச் சாம்பல்பச்சை பிடிக்க வேண்டும்.

நேற்று கதவுக்கடியில் ஒரு மஞ்சள் சீட்டு.
மன்னிப்பு வாசகத்தைத் தயார்செய்துகொண்டே குனிந்தேன்;
என் தொழில் அது.

'இடைவெளி விசை இடது ஓரத்தில் கடகடக்கிறது.
மற்றபடி பரவாயில்லை.
1104.'

காதை ஒட்டவைத்து அழுத்திப் பார்த்தேன்.
ஆமாம், இடது ஓரம்.
எத்தனை இரவாய்க் கேட்டிருப்பார்.

கிரீஸ் டப்பாவைத் திறந்தேன்.
கம்பியைக் கழற்றி, தடவி, மாட்டி
ஒருமுறை அழுத்தினேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
இருமல் நின்றிருந்தது.