கடல் தெரியும் அறை

"கடல் தெரியும்" என்றுதான்
முதலில் எழுதியிருந்தாள் ஒடேட்.
தெரியும்தான்,
குளியலறை ஸ்டூலில் ஏறி
இடப்பக்கம் கழுத்தை ஒடித்தால்.
இரண்டு நட்சத்திரம். கோடை முழுக்கப் பூட்டிய அறை.

ஃபையால் தீவின் மார்ச் மூடுபனியில் உட்கார்ந்து
எல்லாவற்றையும் அழித்தாள்:
வெந்நீர் இருவருக்குத்தான் வரும்.
மெத்தை நல்லது, படி செங்குத்து.
ஜெர்வாசியுவின் பசு ஜன்னலில் தலை நீட்டும்,
ரொட்டி கொடுக்காதீர்கள்.
கடல் தெரியாது. கேட்கும்.

படத்தில் பசுவை வெட்ட மறந்துபோனாள்.

ஆகஸ்ட் வரை நிரம்பிவிட்டது.
வருகிறவர்கள் எல்லோர் பையிலும் ரொட்டி.
நேற்று வேலியோரம் நின்று
தொண்டையைச் செருமி
பங்கு கேட்டான் ஜெர்வாசியு.

இன்று, விரிப்பு மாற்றும் நடுவே,
ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள்.
ஒரு விரல் அகலம்.
நீலம்.
யாரிடமும் சொல்லவில்லை.