ஆறின் வயிறு

மே மாதம் தாலினிலிருந்து கடிதம் வரும்.
இவ்வாண்டுக் கலைஞரின் பெயர்,
எந்தச் சாப்பாடு ஆகாது, எந்த ரயில்.
நான் குடிலின் அடுப்பைத் துடைப்பேன்,
எலிப்பொறியை ஒளித்துவைப்பேன்,
மேசைமேல் வரைபடத்தை விரிப்பேன்:
சிவப்புக் கோட்டைத் தாண்டினால்
இடுப்புவரை உள்ளே போவீர்கள்.
கூப்பிட்டால் எனக்குக் கேட்காது.

ஹல்லிக்சோ சதுப்புக்குப் பதினெட்டு வருடமாய் நான் காவல்.
வந்தவர்களை எண்ணிவைத்திருக்கிறேன்
கொக்குகளை எண்ணுவதுபோல.

சிற்பி ஒருவர், ஊலர் என்று பெயர்,
என் தோளுயரப் பைன் ஒன்றைக் காட்டி
இந்தக் கன்றை எடுத்துக்கொள்ளவா என்றார்.
கன்றுக்கு வயது நூற்று முப்பது என்றேன்.
அன்று மாலை முழுக்க
தொப்பியைக் கழற்றி அதன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

பின்லாந்துக்காரர் வெய்க்கோ
பாசிக்குள் மைக்கைப் புதைத்தார். ஆறு வாரம் கேட்டார்.
விடைபெறும் நாளில் ஹெட்போனை என் காதில் மாட்டினார்.
யாரோ மெதுவாக விழுங்கும் சத்தம்.
அதன்பின் நான் அந்த இடத்தைச் சுற்றித்தான் போகிறேன்.

ஒருவர் கொசுக்கடிக்கு அழுது மூன்றாம் நாளே கிளம்பினார்.
பெயர் வேண்டாம்.
நல்ல கவிஞர்.

இந்த வருடம் லீலோ. மரச்செதுக்கு ஓவியம்.
பெட்டி நிறைய உளிகள், ஒரு சுருள் ஜப்பானியத் தாள்.
முதல் வாரம் ஈரத்தில் தாள் நெளிந்தது.
இரண்டாம் வாரம் அவள் நெளிந்தாள்.
இரவு பதினொன்றுக்கும் அணையாத வெளிச்சத்தில்
பலகைப் பாதையில் போவாள், வருவாள், போவாள்.
"இங்கே எல்லாம் ஏற்கெனவே வரைந்து முடித்தாயிற்று.
எனக்கு வேலை இல்லை" என்றாள்.

எனக்கு இருந்தது.
நான் பிறக்குமுன் இந்தச் சதுப்பை உலர்த்த
ஓர் அரசு கால்வாய்கள் வெட்டியது.
அரசு போய்விட்டது.
கால்வாய் மட்டும் கடமை தவறாமல்
நீரைக் கடத்திக்கொண்டிருக்கிறது.
கட்டை வைத்து, மண் வைத்து அடைக்கிறோம்,
மூன்று பேரும் ஓர் இயந்திரமும்.
நீர் ஏறுகிறதா என்று பார்க்கப் பன்னிரண்டு கம்பங்கள்.
கடையில் வாங்கி ஒட்டிய எண்கள்
ஒரே குளிரில் உரிந்து விழுந்தன.

உன் உளி எண் வெட்டுமா என்று கேட்டேன்.
கேட்டபின் கூசியது,
கண் மருத்துவரிடம் ஊசியில்
நூல் கோக்கச் சொன்னதுபோல்.

எவ்வளவு தூரத்திலிருந்து படிப்பீர்கள்?
மூடுபனியிலுமா? நின்றா, குனிந்தா?
எந்தக் கண் நன்றாகத் தெரியும்?
பதினெட்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி
யாரும் இத்தனை கேட்டதில்லை.
இடக்கண், என்றேன்.

முதல் கம்பத்தை நட்ட மாலையில்
முழங்காலிட்டு வெகுநேரம் பார்த்தாள்.
நிழலில் ஆறு கவிழ்ந்து
கிட்டத்தட்ட ஒன்பதாகிவிடுகிறதாம்.
பிடுங்கச் சொன்னாள்.
பிடுங்கினேன், திட்டிக்கொண்டே.
ஆறுக்கு வயிறு பெருத்தது,
கர்ப்பிணிபோல,
எந்தப் பக்கம் கவிழ்ந்தாலும் ஆறுதான்.

கிளம்பும்போது படிவம் நிரப்ப வேண்டும்.
படைப்பு: பன்னிரண்டு கம்பங்கள்.
பொருள்: ஓக் மரம், நீர்.
உயரம் என்ற கட்டத்தில்
"குறைந்துகொண்டே வரும், வர வேண்டும்" என்று எழுதினாள்.
தாலின் அதைத் திருப்பி அனுப்பியது,
சென்டிமீட்டரில் கேட்டு.

அக்டோபர். கொக்குகள் போய்விட்டன,
எண்ணூற்றுப் பதினான்கு, ஒன்றிரண்டு கூடக்குறைய.
பூட்ஸுக்குள் நீர்.
நான்காம் கம்பத்தில் இரண்டு மூழ்கி
மூன்றின் கீழ் வளைவு நனைந்துகொண்டிருக்கிறது.
செய்தி அனுப்பினேன்.

ஆறு? என்று பதில் வந்தது.

இன்னும் இல்லை.