இன்னொரு கால்

கம்பெனியில் நான் டைம்கீப்பர்.
அல்கூஸ் ஷெட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பகல்
என் ஷீட்டில் கட்டம் கட்டமாக இருக்கிறது.
ஏழு நிமிடம் பிந்தினால் கால் மணி வெட்டு.
ஓவர்டைம் ஒன்றே கால் மடங்கு.
ரேகை தேய்ந்து மிஷினில் விரல் பதியாத
வெல்டர்களுக்கு மட்டும் கையால் எழுதுவேன்.

என் ஒரு மணி நேரம் பன்னிரண்டரை திர்ஹம்.
இரண்டாயிரத்து அறுநூறை இருநூற்றெட்டால் வகுத்தது.
நம்பாதவர்கள் வகுத்துப் பார்க்கலாம்.
ஆறு மணிக்கு மேல் எனக்கு விலை கிடையாது.

ஆறரைக்கு ஜபருல்லாவின் பழைய நிஸானில் நாலு பேர்,
ஷார்ஜா ரோலாவுக்கு.
நேர்வழியில் இரண்டு ஸாலிக் கேட்.
கேட் என்கிறார்கள், கதவில்லை.
மேலே ஒரு கம்பி, கீழே போகிறவனிடம்
சத்தமில்லாமல் நாலு நாலு திர்ஹம் எடுத்துக்கொள்ளும்.
அதற்குப் பயந்து தினமும் பாலைவனத்தைச் சுற்றுவோம்.
நாற்பது நிமிடம் கூடுதல்.

தலைக்கு இரண்டு திர்ஹம் மிச்சம்.
தலைக்கு எட்டு திர்ஹம் முப்பத்து மூன்று ஃபில்ஸ் நஷ்டம்.
ஒருநாள் காரில் இந்தக் கணக்கைச் சொன்னேன்.
பிமல் தூக்கத்தில் தலையாட்டினான்.
வில்சன் தாஸ், "யார் தர்றா அந்த எட்டு திர்ஹத்த?
கையில குடுத்தா வாங்கிக்கறேன்" என்றார்.
தவசிமுத்துதான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்:
"சீக்கிரம் போயி நான் எங்க இருக்கறது?
எட்டே காலுக்குத்தான் ஷாபிர் எந்திரிப்பான்.
அதுவரைக்கும் கட்டில் அவனோடது."

பாதிக் கட்டில், பாதி வாடகை.
மாதம் முந்நூற்றைம்பது மிச்சம் பிடிக்கிறான்.
அவன் மிச்சம் பிடித்த பணத்துக்குள்தான்
அவன் உட்கார இடமும் போயிருந்தது.
என் வகுத்தலில் கட்டில் வரவே இல்லை.

சம்பளம் வந்த அன்று
"இன்னிக்கு நேரா விடுங்க, என் காசு" என்றேன்.
ஜபருல்லா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்,
காய்ச்சலா என்பதுபோல.
இரண்டு கம்பி. இரண்டு முறை அவர் போன் முனகியது.
ஏழரைக்கு ரோலா.
வெயில் போன பிறகும் சுவர்கள் சுட்டுக்கொண்டிருந்தன.

வாங்கியாயிற்று நாற்பது நிமிடம்.
என்ன செய்வதென்று தெரியவில்லை.
மேலே ரூமில் பாத்ரூம் வரிசை; ஆறாவது ஆளாக நிற்கலாம்.
ஊருக்கு போன் போட்டால்
"என்ன இந்த நேரத்தில" என்று பயந்துவிடுவார்கள்.
பார்க்கிங் திட்டில் தவசி உட்கார்ந்தான்,
நானும் உட்கார்ந்தேன்.
ஒரு திர்ஹம் கரக் இரண்டு வாங்கினேன்,
செலவுக் கணக்கு பத்தாகிவிட்டது.

அவன் ஷூவைக் கழற்றினான். சாக்ஸைக் கழற்றினான்.
பையிலிருந்து நகவெட்டி எடுத்தான்.
"ரூம்ல வெட்டினா சண்டைக்கு வர்றானுங்க.
லீவு நாள்ல தூங்கிடறேன்."
கட்டைவிரல் நகம் கெட்டித்துப்போய் மஞ்சளாக இருந்தது.
அதற்கே ரொம்ப நேரம் பிடித்தது.
நடுநடுவே சாயா. நடுநடுவே
மூத்த பையன் இன்ஜினியரிங் கேட்கிறான் என்றான்,
காருக்கடியில் கிடந்த பூனையைப் பார்த்து.
சின்ன விரலுக்கு வந்தபோது
ஷாபிர் படியிறங்கி சலாம் சொல்லிப் போனான்.
தவசி செருப்பில்லாமலே, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு
கட்டிலுக்கு ஓடினான்.

எந்தக் கட்டத்தில் எழுதுவது இதை?
திட்டின் மேல் கிடந்தன ஐந்து பிறைகள்.
எண்ணியதுகூட நான்தான்,
தொழில் புத்தி.

மறுநாள் ரவுண்டானாவில் ஜபருல்லா வேகம் குறைத்தார்.
எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.
இண்டிகேட்டர் போடாமல் காத்திருந்தார்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்,
நேற்றைய பத்து திர்ஹம் இன்னும் வலித்தது.

பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு
டாஷ்போர்டில் இரண்டு நாணயம் வைத்தது.
"என் பங்கு" என்றான் தவசி.
"இன்னொரு கால் பாக்கி இருக்கு."