காலி வண்டியின் எடை

பதினாறு வருஷமாக
வெள்ளைக்கல் லாரிகளுக்கு எடை போடுகிறேன்,
கருப்பூர் பக்கத்தில்.
உள்ளே வரும்போது ஒரு எடை,
ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு எடை,
கழித்தால் வருவது கல்.
இதைத் தவிர வேறு கணக்கு எனக்குத் தெரியாது.

ஏலச்சீட்டு எடுத்த மாதம்
நகை வாங்கப் போகிறாள் என்றார்கள்.
செவ்வாய்ப்பேட்டைப் பக்கமே போகவில்லை.
நமீபியா, என்றேன்.
"அது எந்த மாவட்டம்?"
டி.என். முப்பதை மேடையில் நிறுத்திவிட்டு
செங்கோடன் கேட்டார்.
கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

சென்னையில் என் பெட்டியைத் தராசில் வைத்தார்கள்.
இருபத்திரண்டு கிலோ எழுநூறு.
வீட்டில் தூக்கிப் பார்த்தே சொல்லியிருந்தேன்
இருபத்து மூன்று என்று.
ஒரு விமானம் மாறி, தூங்கி, விழித்து,
வெயிலில் இறங்கினேன்.

எட்டோஷா.
இதற்கா இவ்வளவு பணம்
என்றுதான் முதலில் தோன்றியது.
கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை,
எங்கள் சுரங்கத்தை யாரோ தட்டிப் பரப்பி
ஆட்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்ட மாதிரி.
மூக்கில் அதே தூசி.
பழக்கத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டேன்.

சிங்கம் எங்கே, சிங்கம் எங்கே என்றார்கள்
கூட வந்த ஐதராபாத் டாக்டர்கள், புருஷனும் பெண்டாட்டியும்.
வண்டியோட்டி ஷிகோங்கோ இஞ்சினை அணைத்தார்.
காத்திருப்போம், என்றார்.
மூன்று மணி நேரத்துக்கு அவ்வளவுதான் பேச்சு.
ஒரு நரி வந்தது, குடித்தது,
எங்களைப் பொருட்படுத்தவில்லை.
டாக்டரம்மா முறுக்குப் பொட்டலம் பிரித்த சத்தம்
நாடு முழுக்கக் கேட்டிருக்கும்.

பிறகு ஆனைகள்.
தூசி பூசி வெளுத்து, வரிசை குலையாமல்,
காலை ஷிப்ட் லாரிகள் போலவே.
இந்திரனிடம் இருந்தது ஒன்றே ஒன்று.
இங்கே எண்ணினேன், பதினேழு.

முன்னால் வந்தவள் மூன்று டன்.
கண்ணளவுதான், ஆனால் தப்பாது.
தும்பிக்கை இறங்கியது. ஏறியது.
இறங்கியது. ஏறியது.
திரும்பும்போது
கூடுதலாக நூற்றைம்பது கிலோ தண்ணீர் இருக்கும்.
ரசீது இல்லை.
யாரிடமும் கையெழுத்து வாங்காமல்
அத்தனை எடையோடு நடந்து போனாள்.
என் கை மடியில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது.

கடலோரத்தில் பனி.
பாலைவனத்துக்குள் பனி என்றால்
நானே நம்பியிருக்க மாட்டேன்.
ஒரு வண்டு தலைகீழாய் நின்று
முதுகில் வழியும் ஈரத்தைக் குடிக்குமாம்.
மணலில் அதன் தடத்தைக் காட்டினார் ஷிகோங்கோ.
வண்டைக் காணோம்.

சேலத்தில் எல்லாரும் கேட்டது சிங்கத்தைத்தான்.
பார்க்கவில்லை என்றதும் உச்சுக்கொட்டினார்கள்,
டிக்கெட் பணத்தை நினைத்து.
ஷூவோடு வந்த மணலைக்
காகிதத்தில் மடித்து மேசை அறையில் வைத்திருக்கிறேன்.
ஒரு நாள் யாரும் இல்லாதபோது
எடைமேடை நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.
சுழியம்.
பத்து கிலோவுக்குக் கீழே
அதற்குக் கண் தெரியாது.

போன ஞாயிறு
செங்கோடன் குடும்பத்தோடு ஏற்காடு ஏறினோம்.
பதினேழாவது கொண்டை ஊசியில் மூடுபனி.
காபித் தோட்டத்து வேலியோரம்,
சில்வர் ஓக்குகளுக்கு நடுவே,
கறுப்பாக ஏதோ நகர்ந்து
நடுரோட்டில் நின்றது.
காட்டெருமை.
முழங்கால் வரை வெள்ளை,
எங்கள் சுரங்கத்தில் நின்றுவிட்டு வந்ததுபோல.

பின்னால் ஹாரன்.
"விரட்டுங்கப்பா" என்றது ஒரு கார்.
அணைங்கண்ணா, என்றேன்.
செங்கோடன் என்னைப் பார்த்தார். அணைத்தார்.
அவர் பையன் மாதேஷ் சீட்டின் மேல் ஏறி நின்று
எவ்வளவுக்கா இருக்கும், என்றான் குசுகுசுவென்று.
எண்ணூறு கிலோ, என்றேன்.
"காலியாவா, லோடோடவா?"

சொல்லத் தெரியவில்லை.
ஹாரன்கள் பதினாறாம் வளைவு வரை கூடிவிட்டன.
அது எதையோ மென்றுகொண்டிருந்தது,
மெல்ல,
ஒரு பக்கமாக.